லோகோ: ஆளிடம் கொடுப்பதா, போட்டிக்கு விடுவதா?

கோவை கணபதியில் பம்ப் செட் தயாரிக்கிறவர், காங்கயத்தில் செக்கு எண்ணெய் ஆட்டுகிறவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் பல வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்துவிட்டுச் சொந்தப் பெயரில் டி-ஷர்ட் போட நினைக்கிறவர். மூவரும் உத்யம் பதிவும் ஜிஎஸ்டி எண்ணும் கைக்கு வந்த வாரமே ஒரே கேள்வியோடு வருவார்கள்: “லோகோ எங்கீங்க பண்றது?”

இரண்டு வழி இருக்கிறது. ஒரு டிசைனரைப் பார்த்துப் பேசி, கூலி முடிவு செய்து, வரைந்து வாங்குவது ஒன்று. இணையத்தில் போட்டி அறிவிப்பது இன்னொன்று. போட்டியில் உங்கள் தொழிலைப் பற்றி நாலு வரி எழுதி, பரிசுத் தொகையைச் சொல்லிவிட்டால் போதும். ஒரு வாரத்துக்குள் பல நாடுகளிலிருந்து ஐம்பது, அறுபது படங்கள் வந்து விழும். பிடித்த ஒன்றுக்குப் பரிசு, மற்றவர்களுக்கு எதுவும் கிடையாது. மெல்போர்னில் 2008இல் தொடங்கிய 99டிசைன்ஸ் இந்த முறையைப் பெரிதாக்கியது. 2020இல் விஸ்டாபிரிண்ட் அதை வாங்கிக்கொண்டது. சிட்னியின் ஃப்ரீலான்சர் தளத்திலும் இதே முறை உண்டு. அங்கே சில ஆயிரம் ரூபாய்க்கே போட்டி நடத்திவிடலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கின் மேல் பல வருடம் நிற்கப்போகிற லோகோ என்றால் ஆளிடம் கொடுங்கள். உங்கள் பட்டறைக்குள் வந்து, உங்கள் சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்கிற ஆளாக இருக்கட்டும். இப்படிச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. போட்டியின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் மறைக்கமாட்டேன்.

ரூபாய்க் குறி போட்டியில்தானே வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. உண்மைதான். நம் பையில் இருக்கும் நோட்டில் உள்ள ரூபாய்க் குறி போட்டியில் பிறந்தது. மத்திய நிதி அமைச்சகம் 2009 மார்ச்சில் அறிவித்தது. நுழைவுக் கட்டணம் 500 ரூபாய். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவற்றிலிருந்து 5 பேர் இறுதிச் சுற்றுக்குப் போனார்கள், ஆளுக்கு 25,000 ரூபாய். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஒன்றை ஏற்றுக்கொண்டது. பரிசு இரண்டரை லட்சம். வென்றவர் நம் தமிழ்நாட்டுக்காரர், டி. உதயகுமார்.

போட்டிக்கு ஆதரவாக இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதனால் இதையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அறிவிப்புக்கும் முடிவுக்கும் இடையில் 16 மாதம் ஓடியது. வந்ததைப் பார்த்துக் கழித்தது விவரம் தெரிந்த ஒரு குழு. வென்றவரும் பொழுதுபோக்காக வரைகிறவர் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர், மும்பை ஐஐடியில் வடிவமைப்புப் படித்தவர், அங்கேயே முனைவர் பட்டத்துக்குத் தமிழ் எழுத்துருக்களை ஆராய்ந்தவர். அந்தக் குறியின் பின்னால் வருடக்கணக்கான எழுத்துப் பயிற்சி நிற்கிறது. நீங்கள் நடத்தப்போகும் போட்டிக்கு ஒரு வாரம்தான் ஆயுள். தேர்வுக் குழு என்றால் நீங்களும் வீட்டாரும் வாட்ஸ்அப்பில் மச்சினரும். உதயகுமார் போன்ற ஒருவர் அந்த ஒரு வாரத்துக்குள், அந்தப் பரிசுக்காக, உங்கள் போட்டிக்கு வருவார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

தூய்மை இந்தியா திட்டத்தின் மூக்குக்கண்ணாடிச் சின்னமும் 2014இல் போட்டியில் வந்ததுதான். கோலாப்பூரைச் சேர்ந்த அனந்த் காஸ்பர்தார் 50,000 ரூபாய் பெற்றார். அந்தச் சின்னம் ஊரூராகச் சுவரில் ஏறியது, அவர் பெயர் நாடு முழுதும் தெரிந்தது. அரசு நடத்தும் போட்டியில் அந்தப் புகழும் பரிசின் ஒரு பங்கு. புதிதாகத் தொடங்கும் எண்ணெய்க் கடையால் அதைக் கொடுக்க முடியாது.

எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பெயர்பெற்ற டிசைனர் ஒருவர் வரைந்த சின்னம், பெல்ஜியத்தின் லியேஜ் நகர நாடக அரங்கின் சின்னத்தைப்போல் இருக்கிறது என்று புகார் எழுந்து, 2015 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. பிறகு எல்லாருக்கும் போட்டி திறந்தார்கள், 14,599 படங்கள் வந்தன. பெயர்பெற்ற ஆள் வரைந்தாலே பத்திரம் என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். யார் வரைந்தாலும் தேடிப் பார்க்கும் வேலை ஒன்று இருக்கிறது. அது பின்னால் வருகிறது.

காளை எங்கள் காளையாக இல்லை

காங்கயம் பக்கம் ஒரு செக்கு எண்ணெய்க்காரர். குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மாடு வைத்திருந்தவர்கள். லோகோவில் காங்கயம் காளை வேண்டும் என்று போட்டி அறிவித்தார். அறுபதுக்கும் மேல் வந்தது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாட்டில் லேபிள் அடிக்கக் கொடுக்கும் முன் என்னிடம் காட்டினார். பக்கத்தில் அவர் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தவர், “இது நம்ம மாடு இல்லீங்க தம்பி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கொம்பு முன்னால் பாய்ந்தது. திமில் இல்லை. ஸ்பெயினில் சண்டைக்கு விடும் மாடு அது. காங்கயம் காளையின் கொம்பு வெளிப்பக்கமாகவும் பின்னாலும் வளைந்து மேலே ஏறி, நுனிகள் ஒன்றையொன்று நெருங்கும். திமில் எடுப்பாக நிற்கும். எண்ணெய் வாங்க வருகிற ஊர்க்காரர் யாருக்கும் இது தெரியும். ஜகார்த்தாவில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குத் தெரியாது. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் வழி அந்தப் போட்டியில் இல்லை. வெல்வோமா என்று தெரியாத வேலைக்கு ஒருவன் அரை மணி நேரம் செலவழிப்பான். காங்கயத்து மாடு எப்படி இருக்கும் என்று அரை நாள் தேடமாட்டான்.

அந்தக் காளைத் தலையைப் பிறகு கூகுளில் படமாகப் போட்டுத் தேடினோம். படம் விற்கும் தளம் ஒன்றில் கிடந்தது. இறைச்சிக் கடைகளும் உடற்பயிற்சிக் கூடங்களும் அதையே போட்டிருந்தன. பரிசுப் பணம் அதற்கு முன்பே போய்விட்டது.

வார்ப்பில் நிற்குமா, நெசவில் நிற்குமா?

போட்டியில் வரும் படங்களைப் பார்த்தால் மனம் மயங்கிவிடும். கண்ணாடிச் சுவரில் தங்க எழுத்தாக ஒளிரும், தோல் பையில் அழுத்திப் பதித்ததுபோல் இருக்கும். எல்லாம் கணினியில் ஒட்டிக் காட்டும் படங்கள். கொங்கு நாட்டில் லோகோ உட்காரும் இடங்கள் வேறு. இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கேசிங்கின் மேல் கம்பெனிப் பெயர் வார்ப்பிலேயே புடைத்து வரும். அதற்குப் பேட்டர்னில் எழுத்தை ஏற்றி மணலில் பதிக்க வேண்டும். ஒருமுறை ஒரு லோகோவை ஆவாரம்பாளையத்தில் பேட்டர்ன் செய்கிறவரிடம் எடுத்துப்போனேன். நகத்தால் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “இத்தனை மெல்லிசுன்னா மணல் நிக்காதுங்க” என்றார். எழுத்துக்கு எழுத்து இடைவெளி குறைவாக இருந்தால் பேட்டர்னை உருவும்போது நடுவிலுள்ள மணல் உடைந்துவிடும். கோட்டின் பக்கச் சுவர் கொஞ்சம் சரிந்து இருக்க வேண்டும். இதெல்லாம் தப்பினாலும் பிரைமரும் பெயின்டும் ஏறும்போது மெல்லிய இடைவெளிகள் அடைபட்டுப் போகும். மோட்டார் நேம் பிளேட்டுக்குச் சங்கடம் வேறு. சின்ன அலுமினியத் தகட்டில் குதிரைத்திறன், வோல்ட், வரிசை எண் எல்லாம் போக மிச்சமிருக்கும் மூலையில் லோகோ உட்கார வேண்டும்.

திருப்பூருக்கு வாருங்கள். காலரில் தைக்கும் லேபிள் நெய்து வருவது. நூல் குறுக்கும் நெடுக்கும் போவதால் வளைவான கோடு படிக்கட்டு மாதிரி தெரியும். நெஞ்சில் எம்ப்ராய்டரி போட்டால் சுமார் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான கோடு தையலில் நிற்பது கஷ்டம். ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மெல்ல மாறும் ஷேடு நூலில் சரியாக வராது. ஸ்க்ரீன் பிரிண்டில் நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன் என்பது அங்குள்ள எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஐந்து நிற லோகோவை ஆசைப்பட்டு வாங்கினால் ஒவ்வொரு டி-ஷர்ட்டிலும் அதற்குக் கூலி கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

மசாலாப் பொடி, மஞ்சள் தூள் பாக்கெட் போடுகிற ஈரோட்டுக்காரருக்கு அந்தக் கணக்கு சிலிண்டரில் வருகிறது. கிராவூர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். லோகோவில் பிறகு ஒரு கோட்டை மாற்றினாலும் அந்தச் சிலிண்டர் வீண். அட்டைப் பெட்டியில் ஒரு நிறமோ இரண்டு நிறமோதான். அரிசி ஆலைக்காரருக்குச் சிப்பத்தின் மேல் அடிக்கும்போது பின்னல் இழைகளுக்கு நடுவே மை இறங்கிவிடும். உணவுப் பொருள் பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், பச்சைப் புள்ளி, எடை, விலை, தேதி எல்லாம் கட்டாயம். அவற்றுக்கு இடம் விட்டபின் லோகோவுக்குக் கிடைக்கும் பரப்பை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தவர்கள் சிக்கலான படத்தைக் கேட்கமாட்டார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். லோகோவைக் கருப்பு வெள்ளையில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்செடுங்கள். அதை ஜெராக்ஸ் எடுங்கள், அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுங்கள். இரண்டாவது தாளை, உங்கள் கடைப் பெயர் தெரியாத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டால் அந்த லோகோ நம் ஊரில் பிழைக்கும்.

நல்ல டிசைனர் முதல் நாளிலேயே “இது எதுல எதுல வரும்?” என்று கேட்பார். அவருக்குக் கொடுக்கும் கூலியில் பாதி அந்தக் கேள்விக்குத்தான்.

தமிழ் எழுத்து

கடைப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் விதி. ஆகவே பெயரின் தமிழ் வடிவமும் லோகோவின் ஒரு பாதி. ஆங்கிலத்தில் மட்டும் வாங்கிவிட்டு, பலகை எழுதும்போது ஃப்ளெக்ஸ் கடையில் இருக்கும் ஏதோ ஒரு எழுத்தில் தமிழை அடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் இரண்டு கம்பெனி மாதிரி இருக்கும்.

தமிழ் தெரியாதவர் தமிழை அடித்தால் என்ன ஆகும் என்று பல லேபிள்களில் பார்த்திருக்கிறேன். டிசைன் மென்பொருள்கள் சிலவற்றில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை நாமே தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக வரும். இல்லாவிட்டால் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் ஏறும். தமிழ் படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு அது பிழையாகவே படாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் பெயரை யூனிகோடு என்று நினைத்துத் திறந்தால் வெறும் குப்பையாக வரும்.

பிழை இல்லாமல் வந்தாலும் போதாது. தமிழ் எழுத்து அகலமானது. ‘பொள்ளாச்சி’ என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு இடம் பிடிக்கிறது. சுழிகள் சின்ன அளவில் அடைந்துபோகும், புள்ளி காணாமல் போகும். ஆங்கில எழுத்தின் கனத்துக்கும் வளைவுக்கும் பொருந்தத் தமிழை வரைவது தனி வேலை. இரண்டையும் ஒரே கை, ஒரே நேரத்தில் வரைய வேண்டும். இதற்கு உள்ளூர் ஆள்தான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காசு கொடுத்தாயிற்று, லோகோ யாருடையது?

பெரும்பாலானவர்கள் இதைத் தவறாகவே நினைத்திருக்கிறார்கள். பில் கட்டினால் லோகோ நம்முடையது என்று நினைக்கிறோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படைத்தவரையே முதல் உரிமையாளர் என்கிறது. உங்களிடம் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் தன் வேலையின் பகுதியாக வரைந்தால் அது உங்களுடையது. வெளியாளிடம் கூலி கொடுத்து வரைந்து வாங்கினால் கதை வேறு. புகைப்படம், ஓவியம் போன்ற சிலவற்றில் சட்டம் காசு கொடுத்தவர் பக்கம் நிற்கிறது. லோகோ அந்தப் பட்டியலுக்குள் வருமா என்று நீதிமன்றத்தில் வாதாடுவதைவிட ஒரு தாளில் எழுதி வாங்குவது எவ்வளவோ மேல்.

அந்தத் தாளிலும் மூன்று பள்ளங்கள் உண்டு. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும், தருகிறவர் கையெழுத்திட வேண்டும் என்பது அடிப்படை. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடத்துக்கு மட்டுமே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். துபாய்க்கும் ஐரோப்பாவுக்கும் துணி அனுப்புகிற திருப்பூர்க்காரர் இதைக் கவனிக்க வேண்டும். மாற்றி வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். ஆகவே இப்படி எழுதி வாங்குங்கள்:

“இணைப்பில் உள்ள லோகோவையும் அதன் தமிழ், ஆங்கில வடிவங்களையும் நானே வரைந்தேன். வேறு எவருடைய படத்தையும் நகல் எடுக்கவில்லை. இதற்கான கூலி முழுவதையும் பெற்றுக்கொண்டேன். இதன் பதிப்புரிமை முழுவதையும், பதிப்புரிமை நிலைக்கும் காலம் முழுமைக்கும், உலகம் முழுமைக்கும் இன்னாருக்கு மாற்றித் தருகிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த உரிமை என்னிடம் திரும்பாது.”

பெயர், முகவரி, தேதி, இரு தரப்புக் கையெழுத்து, சாட்சி. பெரிய தொகை என்றால் வக்கீல் ஒருவர் பார்த்துவிடட்டும்.

போட்டித் தளங்களிலும் உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் மறுபக்கம் இருப்பது பெரும்பாலும் ஒரு புனைபெயர். படம் திருட்டு என்று நாளைக்குத் தெரியவந்தால் வேறு நாட்டில் இருக்கும் அந்தப் புனைபெயரை எங்கே போய்ப் பிடிப்பது? பீளமேட்டில் ஆபீஸ் வைத்திருக்கும் டிசைனர் என்றால் நேரில் போய் உட்காரலாம்.

கேன்வா போன்ற செயலியில் தானே செய்துகொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே கிடைக்கும் ஆயத்தப் படத்தை வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க்காகப் பதிய அவர்களுடைய விதியே அனுமதிக்கவில்லை. அதே படத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுதான் காரணம். கல்யாணப் பத்திரிகைக்கு அது போதும். எண்ணெய் டின்னுக்குப் போதாது.

டிரேட்மார்க் பதிவு தனி அத்தியாயம். இங்கே லோகோவுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். லோகோவை இறுதி செய்யும் முன் டிரேட்மார்க் பதிவகத்தின் பொதுத் தேடல் பக்கத்தில் பெயரையும், பெயரைப்போல் ஒலிப்பவற்றையும், படத்தையும் தேடுங்கள். படத்துக்கு வியன்னா குறியீடு என்று எண் வரிசை ஒன்று இருக்கிறது. காளைக்கு ஒன்று, தென்னைக்கு ஒன்று என அதை வைத்துத் தேடலாம். பம்ப், வெட் கிரைண்டர் 7ஆம் வகுப்பு. உடை 25. சமையல் எண்ணெய் 29. மசாலா, மஞ்சள் தூள், அரிசி 30. உத்யம் பதிவு இருந்தால் ஒரு வகுப்புக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய், இல்லாத கம்பெனிக்கு 9,000. பதிவு 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். கருப்பு வெள்ளையில் பதிந்தால் எல்லா நிறத்துக்கும் பாதுகாப்பு கிடைக்கும். ஆகவே நிறத்தை நம்பி நிற்காத லோகோ இங்கேயும் லாபம். பதிவுச் சான்று வரும்வரை ‘டிஎம்’ என்று மட்டும் போடுங்கள். வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது அதுவரை சட்டப்படி தவறு.

‘ஈரோடு மஞ்சள்’, ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’, ‘பவானி ஜமக்காளம்’ ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயர்கள் ஊருக்குச் சொந்தம், ஒரு கம்பெனிக்கு அல்ல. அசோகச் சக்கரம், தேசியக் கொடி, காந்தி படம் இவற்றை வியாபாரச் சின்னத்தில் வைப்பதை 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. போட்டியில் வரும் படங்களில் சக்கரம் எட்டிப் பார்க்கும், கவனியுங்கள்.

போட்டி சரியாக வரும் இடம்

ஒருநாள் மாரத்தானுக்கு டி-ஷர்ட், கல்லூரி வெள்ளிவிழா மலர், சங்கத்தின் விளையாட்டு விழா. இவற்றுக்குப் போட்டி வையுங்கள், அதுவும் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்குள்ளேயே. பங்கெடுப்பதே அங்கே மகிழ்ச்சி, சின்னமும் விழாவோடு முடிந்துவிடும்.

வியாபாரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் யோசனை வேண்டுமென்றால், மூன்று டிசைனர்களைக் கூப்பிட்டு மூவருக்கும் மாதிரிக்கான கூலியைக் கொடுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது திருப்பூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு பையர் அறுபது யூனிட்டில் சாம்பிள் தைக்கச் சொல்லிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் காசு கொடுத்து, மற்ற ஐம்பத்தொன்பது பேரிடம் நன்றி என்று சொன்னால் நாம் என்ன பேசுவோம்? துணி, நூல், தையல் கூலி என்று கணக்கு எடுத்து நிற்கமாட்டோமா? வரைகிறவரின் நேரமும் நூல்தான். கூலி கொடுக்காமல் வேலை வாங்குவது நம் ஊர் வழக்கம் இல்லை.

‘நைக்கி லோகோ வெறும் 35 டாலர்தானே’ என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆம், 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி வரைந்தார். ஆனால் அது போட்டி இல்லை. முதலாளி ஃபில் நைட் அவரை நேரில் தெரிந்தவர், எதிரில் உட்கார்ந்து பேசி வேலை கொடுத்தார். 1983இல் அவரை அழைத்து மோதிரமும் கம்பெனிப் பங்குகளும் கொடுத்தார்.

ஆளைத் தேடும் விதம்

முதலில் டிடிபி ஆபரேட்டருக்கும் டிசைனருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். அச்சகத்தில் கோரல் ஓட்டுகிற தம்பி கைவேகம் உள்ளவர். நீங்கள் சொன்னதை அப்படியே போட்டுக் கொடுப்பார். அவர் வேலை அது. நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு “ஏனுங்க இப்படி வேணும்?” என்று திருப்பிக் கேட்கிறவர் டிசைனர். சில சமயம் ஆபரேட்டர்களுக்குள்ளேயே அப்படி ஒருவர் இருப்பார், விடாதீர்கள்.

கொடிசியா வளாகத்தில் கண்காட்சி நடக்கும்போது ஒரு நாள் முழுக்கச் சுற்றுங்கள். எந்த ஸ்டாலின் லோகோ தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிகிறதோ அங்கே போய், யார் செய்தது, சொன்ன நாளில் கொடுத்தாரா, அச்சில் பிரச்சினை வந்தபோது போனை எடுத்தாரா என்று கேளுங்கள். திருப்பூர் நிஃப்ட்-டீ கல்லூரி, கோவைக் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகள் ஆகியவற்றிலிருந்து படித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு முதல் வாடிக்கையாளராக நீங்கள் இருக்கலாம். கூலி குறைவாகவும் அக்கறை கூடுதலாகவும் இருக்கும்.

அவரிடம் பழைய லோகோக்களைத் திரையில் காட்டச் சொல்லாதீர்கள். அச்சான லேபிள், தைத்த சட்டை, வார்த்த பம்ப் இருந்தால் கையில் கேளுங்கள். உங்கள் பக்கமிருந்து அவருக்குக் கொடுக்க வேண்டியவையும் உண்டு. சரக்கில் ஒன்று, போட்டிக் கம்பெனிகளின் பாக்கெட்டுகளில் ஒரு பத்து, வாங்குகிறவர் யார் என்பது, லோகோ உட்காரப்போகும் இடங்களின் பட்டியல், பெயரின் சரியான தமிழ் எழுத்து. பட்டறையை ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள். வரமாட்டேன் என்கிறவர் வேண்டாம்.

கூலி எவ்வளவு என்பதை முதல் வருடம் அச்சுக்கும் பலகைக்கும் சிலிண்டருக்கும் ஆகப்போகும் செலவோடு வைத்துப் பாருங்கள். லோகோ சரியில்லாமல் இரண்டாம் வருடம் மாற்றினால் அந்தச் செலவு முழுதும் மறுபடி வரும். மூன்று தவணை நல்லது: தொடங்கும்போது ஒன்று, வடிவம் ஒன்று முடிவானதும் ஒன்று, கோப்புகள் எல்லாம் கைக்கு வந்ததும் கடைசி. எத்தனை முறை திருத்தம் என்பதை முன்பே பேசிவிடுங்கள். திருத்தம் சொல்லும்போது வீட்டில் ஒருவர் மட்டும் சொல்லட்டும். ஐந்து பேர் ஐந்து பக்கம் இழுத்தால் எந்த டிசைனராலும் முடியாது.

கைக்கு வர வேண்டிய கோப்புகள்: எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பு, அதில் எழுத்தெல்லாம் கர்வ் செய்தது (கோட்டு வடிவமாக மாற்றியது) ஒன்று, கர்வ் செய்யாதது ஒன்று. கருப்பு வெள்ளை வடிவம், கருப்புப் பின்னணிக்கான தலைகீழ் வடிவம், தமிழ் தனியாக, ஆங்கிலம் தனியாக, இரண்டும் சேர்ந்து. நிறங்களுக்குப் பான்டோன் எண்ணும் நான்கு நிற அச்சுக்கான அளவும் எழுதிய தாள். பயன்படுத்திய எழுத்துருவின் பெயரும் அதன் உரிமமும். வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் படத்தைக் கோப்பு என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, ஆடிட்டரிடம் ஒன்று என மூன்று இடத்தில் வையுங்கள்.

மேலே எழுதிக் கொடுத்திருக்கும் உரிமைத் தாளை இந்தக் கோப்புகளோடு சேர்த்தே வாங்க வேண்டும். அதில் கையெழுத்து விழும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். கையெழுத்து விழுந்த அன்றே, ஒரு நாள்கூடத் தள்ளாமல், கொடுத்துவிடுங்கள்.